மூன்றாம் நாள் முட்டைகள்

முட்டை உடைத்துச் சம்பளம் வாங்கினவள் நான் என்று சொன்னால், ஏதோ ஹோட்டல் குசினியில் ஒம்லெட் போட்டவள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

அப்படியில்லை. திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம், அரசாங்கத்துக் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில், தீவன மூட்டை அடுக்குகிற அறைக்கு அடுத்த அறைதான் எங்கள் ஆய்வுகூடம். அடைவைத்து இரண்டு மூன்று நாளான முட்டையை உடைத்து, உள்ளே இருக்கிற கருவை வெளியில் எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அறுபதுகளின் நடுவில் சேர்ந்தவள், எண்பதுகள் பிறந்தபிறகுதான் வெளியில் வந்தேன். ஆய்வுகூடம், ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறை, பிரேத அறை என்று, வீட்டில் போய் வாய்விட்டுச் சொல்ல ஏலாத வேலை செய்து பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். சாப்பிட உட்காரும்போது "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று யாராவது கேட்டால், "ஒண்டும் இல்லை" என்று சொல்லிப் பழகினவர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

முதல் முட்டை

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த மிருக வைத்தியர் சிவகுரு டொக்டர் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுக் கதைக்கவே தெரியாது. நேர்முகப் பரீட்சையில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊசியையும் நூலையும் தந்து கோக்கச் சொன்னார். முதல் தரத்திலேயே கோத்தேன். "நாளைக்கு வாங்கோ தங்கேஸ்வரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் என் முன்னால் ஒரு முட்டையை இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் உடைத்தார். மஞ்சட்கருவின் மேல் சிவப்பு நூலால் பின்னின மாதிரி ஒரு வளையம். நடுவில் கடுகளவு புள்ளி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. இதயம். "இதயத்தை எல்லாரும்தான் பார்ப்பினம். நாங்கள் தேடுறது அதில்லை" என்று சொல்லி, ஒரு கடதாசியில் படம் கீறினார். அந்தக் குஞ்சு பேடாக வளர்ந்தால் முட்டையாகவும், சேவலாக வளர்ந்தால் விந்தாகவும் ஆக வேண்டிய மூலக் கலங்கள், இங்கிலீசில் செல் என்கிறவை, தாங்கள் குடியிருக்கப் போகிற உறுப்பில் பிறப்பதில்லையாம். முதலில் தலைக்கும் முன்னால், உடம்புக்கு வெளியே, பிறை போன்ற ஓர் இடத்தில் சின்னக் கூட்டமாகத் தங்கியிருக்கும். இரண்டாம் நாள் இரத்தம் ஓடத் தொடங்கினதும் அதில் ஏறி உடம்பெல்லாம் சுற்றி, மூன்றாம் நாளளவில், சூலகமோ விதையோ வரப்போகிற இடத்தில் வந்து இறங்கும். எங்கள் பக்கத்து நாட்டுக்கோழியில் அந்தப் பயணம் எத்தனையாம் மணியில் தொடங்கி எத்தனையாம் மணியில் முடிகிறது என்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி.

வாசலில் நின்று ஹனிபா நானாவும் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணியாக்காரர், காலையில் முதல் பாதைப் படகு ஏறி ஆற்றைக் கடந்து வந்து, இன்குபேற்றர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். டொக்டரின் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குஞ்சுக்கு இன்னும் கண்ணே திறக்கல்ல, அதுக்குள்ள பேரக்குஞ்சுக்கு ஆள் அனுப்பிப்போட்டானே அல்லாஹ்!"

விசேசம்

கருவைக் கெடாமல் வைத்திருக்க ஒரு மஞ்சள் மருந்துத் தண்ணீரில் போடுவோம். அது விரலில் பட்டால் ஒரு கிழமைக்குப் போகாது. சவர்க்காரம், தேசிக்காய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருசம். பிள்ளை இல்லை. ஒருநாள் பின்னேரம் உப்புவெளிக்குத் திரும்புகிற பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சள் அரைத்த கை என்று நினைத்திருக்கிறார் பாவம். இறங்கப் போகும்போது என் முழங்கையைப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு கருத்து உண்டு என்பதும், இரண்டாவது கருத்து எனக்கு எங்கே போய்க் குத்தும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? "என்ன பிள்ளை, வீட்டில விசேசமோ?"

சபியா ராத்தா

நாட்டுக்கோழி முட்டைகளைக் கிண்ணியாவில் வீடு வீடாக வாங்கினோம். அதிகம் தந்தவர் சபியா ராத்தா. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கோழிகளோடு இருந்தவர். எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் அடையாளம் போட்டுத்தான் தருவார். புள்ளிக்கோழிக்கு ஒரு கோடு, கறுத்தக் கோழிக்கு இரண்டு கோடு, கழுத்தில் இறகில்லாத கழுத்துரிஞ்சானுக்கு ஒரு வட்டம். ஹனிபா நானாவோடு சேர்ந்து வந்து கூடையை இறக்கிவைத்துவிட்டு, போன கிழமை கொடுத்த முட்டைகள் எப்படியென்று விசாரிப்பார். அது பொரிக்கிற நிலையம். அதனால் எல்லாம் பொரிந்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். "நல்லா இருக்கு ராத்தா" என்று முதல் நாள் சொன்னேன். பிறகு அதை விட ஏலாமல் போய்விட்டது. "கறுத்தக் கோழியின்ர ரெண்டும் தாய் மாதிரியே வந்திருக்கு", "புள்ளிக்கோழியின்ர ஒண்டு சரியான குழப்படி" என்று மாதக்கணக்காகப் பொய்யில் குஞ்சு வளர்த்தேன்.

ஒருநாள், என்னிடம் வளர்கிற குஞ்சுகளுக்கென்று ஒரு பை அரிசிக் குறுணல் கொண்டு நேரே ஆய்வுகூடத்துக்குள் வந்துவிட்டார். என் கையில் கத்தரிக்கோல். கிண்ணத்தில் துடித்துக்கொண்டிருக்கிற ஒன்று. மேசையில் கிடந்த ஓட்டில் ஒரு வட்டம். சபியா ராத்தா ஓட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏசவில்லை. குறுணல் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் வந்தார். அதற்குப் பிறகும் பல வருசம் வந்தார். ஆனால் முட்டைகள் வெறும் வெள்ளையாக இருந்தன. எனக்கு மனம் கேட்காமல், ஏன் இப்போது அடையாளம் போடுவதில்லை என்று கேட்டுவிட்டேன். "பேரு வெச்சா நோகும் மகள்" என்றார்.

கூவின பேடு

சல்லிக் கிராமத்தில் இருந்து கந்தப்பு என்ற மீன்பிடிக்காரர் சைக்கிள் கரியரில் கூடை கட்டி ஒரு கோழி கொண்டுவந்தார். இரண்டு வருசம் ஒழுங்காக முட்டையிட்ட பேடு. திடீரென்று முட்டையை நிறுத்தி, கொண்டை பெருத்து, விடியற்புறம் சேவல் மாதிரிக் கூவத் தொடங்கியிருக்கிறது. பேடு கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கம் சொல்லி வாய்மூடவில்லை, அந்த மாதமே கந்தப்புவின் தம்பி போன தோணி திரும்பவில்லை. தம்பி பெண்சாதி அந்தக் கோழி நிற்கிற வளவுக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாளாம். கறிக்கு அறுத்தால் தின்ன ஆளில்லை. "ஐயா, இதுக்கு என்ன நடந்ததெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார் கந்தப்பு.

டொக்டரின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. புத்தகத்தில் மட்டும் வாசித்திருந்த கோழி தானாகவே வாசலுக்கு வந்திருக்கிறது! அந்த இடத்திலேயே அதைக் கொன்று, மேசையில் விரித்து, கந்தப்புவைக் கிட்டக் கூப்பிட்டார். கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யும். கருவிலேயே மூலக் கலங்களில் கூடுதலானவை இடப்பக்கம்தான் போய் இறங்கும். வலப்பக்கம் ஒரு பொட்டாக அப்படியே கிடந்துவிடும். இடப்பக்கம் நோயால் பழுதுபட்டால் வலப்பக்கம் முழித்துக்கொள்ளும். முழிக்கும்போது சில வேளை ஆண் பக்கமாகப் போய்விடும். "இஞ்ச பாருங்கோ, கட்டி. இது வெறும் வருத்தம். சகுனம் இல்லை" என்றார்.

கந்தப்பு நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அப்ப என்ர தம்பி போனதுக்கும் இதுக்கும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர். கந்தப்பு வெறும் கூடையைக் கையில் எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "இதில பிழை இல்லையெண்டால், பிறகேன் ஐயா வெட்டினனீங்கள்?"

மூன்றாம் மாதம்

கல்யாணமாகி ஆறாம் வருசம் எனக்கு உண்டானது. என் அவர் துறைமுக வேலைத்தலத்தில் பிற்றர். செய்தியை அவரிடம் சொன்னேன். மறுநாள் வேலையால் வரும்போது, தன் கையால் அடித்து வளைத்த இரும்புக் கொளுக்கி ஒன்று கொண்டுவந்து அறைக் கூரையின் வளை மரத்தில் பூட்டினார். பிள்ளைக்கு ஏணை கட்டித் தாலாட்ட. இன்னும் ஏழு மாதம் கிடக்கிறதே என்று நான் சிரித்தேன். அவர் அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்து, தாங்கும் என்றார். வேலையை விடச் சொல்லி மாமி கெஞ்சினா. நான் விடவில்லை. ஒருநாள் டொக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: மனுசருக்கும் இப்படித்தானா? ஓம், மனுசரிலும் அந்தக் கலங்கள் வெளியில் இருந்துதான் வரும், ஆனால் இரத்தத்தில் ஏறி வராமல் ஊர்ந்து ஊர்ந்து வரும் என்றார். அன்று இரவு படுத்திருந்து, இதற்குள் அதுகள் வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். எனக்குள் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள் அதன் பிள்ளைகள். வீடு நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் மாதம் முடிய நாலு நாள் இருக்க, ஆஸ்பத்திரியில் எல்லாம் போய்விட்டது. துணி மூடின ஒரு தட்டத்தைத் தாதி ஒருத்தி எடுத்துக்கொண்டு போனா. நான் எழும்பி இருந்து, ஒருக்கால் காட்டச் சொல்லிக் கேட்டேன். எத்தனை கருவை இந்தக் கையால் எடுத்துக் கழுவிப் பார்த்தவள் நான். கடுகளவில் இருந்தே எது கண், எது இதயம், எது கால் வரப்போகிற மொட்டு என்று சொல்லுவேன். மூன்று மாதத்தில் என்னென்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தாதி நல்ல மனுசி. தட்டத்தை வெளியில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் தலையைத் தடவினா. "பார்க்காதேங்கோ அம்மா, பார்க்கிறதுக்கு அதில ஒண்டும் இல்லை."

பிஸ்மி

"எத்தனை கோழியின்ர வயிறெரிச்சலை வாங்கினனி, அது சும்மா விடுமே?" என்று மாமி ஒரே ஒருதரம்தான் சொன்னா. சொல்லிவிட்டு அவவே அழுதா. நான் மூன்று கிழமையில் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் அந்தக் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க ஏலவில்லை. ஆனால் முட்டையைக் கையில் எடுத்தால் உடைக்க விரல் வரவில்லை. ஊசியில் நூல் கோத்த அதே விரல். முட்டையைத் திரும்ப வைத்துவிட்டு நின்றேன். ஹனிபா நானா ஒன்றும் கேட்காமல் வந்து என் கதிரையில் இருந்தார். இரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற மனிதர். ஒவ்வொரு முட்டைக்கும் வாய்க்குள் பிஸ்மி சொல்லி, அல்லாஹ்வின் பெயரால் உடைத்தார். அவருடைய தடித்த விரலுக்கு அந்த வேலை வராது. பாதிக் கரு கிழிந்துபோகும். டொக்டர் கிழிந்ததையும் ஒழுங்காக வாங்கி, மருந்தில் போட்டு, பெயர் ஒட்டி அடுக்கினார். ஒன்றுக்கும் உதவாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே நடந்தது.

ஒருநாள் நான் கேட்டேன்: "நானா, உங்களுக்கு ஆறு பிள்ளையள். இந்தப் பாவம் உங்களுக்கு ஏன்?" அவர் கிண்ணத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பாவமெண்டா பங்கு போடுவம் தங்கச்சி. தனிய ஒரு ஆளால தூக்க ஏலாது."

வழி தவறினவை

அந்தக் கலங்களுக்கு நாங்கள் ஏற்றுகிற சாயம் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு நிறம். மற்றக் கலங்கள் வெளிறி நிற்க, இவை மட்டும் உருண்டு திரண்டு பளிச்சென்று தெரியும். நான் திரும்பவும் முட்டை உடைக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு மூன்றாம் நாள் கருவின் தலைப்பக்கத்தில் அப்படி ஒன்றைக் கண்டேன். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இது மட்டும் எங்கேயோ ஒரு மெல்லிய நாளத்தின் ஓரத்தில் தனியாக நின்றது. டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வழி தவறினது என்றார். இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். அங்கேயே அழிந்துபோகும், இதுகளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிக்குமேல் இல்லை என்றார். ஏன் தவறுகிறது, சூடு கூடினதோ, அடை சரியில்லையோ, தாய்க்கோழியில் ஏதும் குறையோ என்று நான் விடாமல் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. டொக்டர் நுணுக்குக்காட்டியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவர் சொன்ன பதில் கோழியைப் பற்றியது இல்லை என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "தாய் ஒண்டும் செய்யேல்லை, தங்கேஸ்வரி. ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை."

கழுவின கண்ணாடி

அதற்குப் பிறகு எனக்குக் கரு தங்கவில்லை. வேலை தங்கியது. டொக்டரை எழுபதுகளின் தொடக்கத்தில் வவுனியாப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏழெட்டு வருசத்துக் கண்ணாடித் துண்டுகளை, பெட்டி பெட்டியாக அலுமாரியில் அடுக்கி, மணி வாரியாகப் பெயர் எழுதி, சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனார். பல்கலைக்கழகக் கம்பசில் இடம் கிடைத்ததும் வந்து எடுத்து, ஆராய்ச்சியை எழுதி முடிப்பதாகச் சொன்னார். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. பாண் ரொட்டி வாங்கவே வரிசை, கண்ணாடித் துண்டுக்கு எங்கே போவது? புதிதாக வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஊரில் மாட்டுக் கன்றுகள் வயிற்றுப் பூச்சியால் செத்துக்கொண்டிருந்தன, சாணம் பரிசோதிக்கக் கண்ணாடி இல்லை. அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவும் சும்மாதானே கிடக்கிறது, கழுவி எடுங்கோ என்றார். டொக்டருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, அதற்குள் அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கட்டளையாகச் சொன்னார். சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகச் சவர அலகால் சுரண்டினேன். மூன்று நாள். ஹனிபா நானா தண்ணீர் கொதிக்கவைத்துத் தந்தார். அந்த நாவற்பழ நிறம் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்து, பிறகு வெறும் அழுக்காகிப் போனது. "செய்யமாட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்பளத்தை நினைத்தேன், கன்றுகளையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து, பஸ் தூசியோடு டொக்டர் வந்து இறங்கினார். என் கடிதம் அவர் கைக்குப் போகவே இல்லையாம். கம்பசில் இடம் கிடைத்திருந்தது. கையில் வெறும் மரப்பெட்டி ஒன்று, உள்ளே பஞ்சு விரித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அலுமாரியைத் திறந்து காட்டினேன். கழுவி அடுக்கின கண்ணாடிகள், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. அவர் கதிரையில் இருந்தார். ஹனிபா நானா கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தார். நான் சுவரோடு நின்று அழுதேன். அவர் என்னை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த ஆராய்ச்சியை அவர் பிறகு எழுதவே இல்லை, கம்பசுக்கும் போகவில்லை, வவுனியாவில் மாட்டுக்கு ஊசி போட்டே ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குப் போக எழும்பினவர், மஞ்சள் போய் வெளுத்துவிட்ட என் விரல்களைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் போல மெல்லிய குரலில் ஒன்று கேட்டார். "நாங்கள் ரெண்டு பேரும் பார்த்தனாங்கள்தானே, தங்கேஸ்வரி?"

ஒரு கோழிக்குஞ்சின் முதல் மூன்று நாளையும் மணித்தியாலம் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர்கள் "உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் இன்னும் பாடமாகவில்லை.